குருவிக்கு வைத்த பொட்டு

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மூக்கைப் பற்றி எனக்கு வேறொரு பெருமை இருந்தது. எங்கள் அம்மா எங்கள் கடற்கரை ஊரான பிள்ளைச்சாவடியில் மீன் எடுத்து டவுனில் தெருத் தெருவாகப் போய் விற்றவள். கூடையில் கிடக்கிற மீனைத் தொடாமல், செவுளைப் பிரித்துப் பார்க்காமல், இது நேற்றையதா இன்றையதா என்று பத்து வயதிலேயே நான் சொல்லிவிடுவேன். "இவ மூக்கை எவனாலயும் ஏமாத்த முடியாதுடி" என்று அம்மா மற்ற மீன்காரப் பெண்களிடம் சொல்லிக்கொள்வாள். அந்தப் பேச்சு எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

பி.எஸ்சி. வேதியியல் முடித்து, அங்கே இங்கே அலைந்து, கடைசியில் எங்கள் டவுனை ஒட்டிய மேட்டுப்பாளையத்தில் ஒரு காகித ஆலையில் வேலைக்குச் சேர்ந்தேன். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. பழைய அட்டைப்பெட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி மறுபடியும் பழுப்புக் காகிதம் செய்கிற ஆலை. அதிலிருந்து வரும் அழுக்குத் தண்ணீர் பூமிக்கடியில் இருக்கும் ஒரு தொட்டியில் சேரும். இரண்டு ஆள் ஆழம். அங்கிருந்து பம்பு வைத்து இழுத்துச் சுத்தம் செய்து வெளியே விடுவோம். அந்தத் தண்ணீரைப் பரிசோதிப்பது என் வேலை.

ஓடிக்கொண்டே இருந்தால் அந்தத் தண்ணீரால் தொந்தரவு இல்லை. நின்றால் அழுகும். பசையும் மாவும் காகிதத் துணுக்குமாக இருக்கிற தண்ணீர் அல்லவா, அழுகினால் முட்டை நாற்றம் கிளம்பும். அந்த நாற்றத்துக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு என்று பெயர் என்பது நான் கல்லூரியிலேயே படித்ததுதான். எங்கள் ஆலையில் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. "முட்டை வருது" என்பார்கள். முட்டை வருகிறதா இல்லையா என்று பார்க்க என்னைக் கூப்பிடுவார்கள். நான் போய்த் தொட்டி வாயில் நின்று ஓர் இழுப்பு இழுத்துவிட்டு, "கொஞ்சம் இருக்கு" அல்லது "ஒன்னும் இல்ல, போங்க" என்பேன். பன்னிரண்டு வருஷத்தில் பல வருஷம் இப்படித்தான் நடந்தது.

பம்புகளைப் பார்த்துக்கொள்வது ஃபிட்டர் அண்ணன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், டவுனில் பழைய கத்தோலிக்கக் குடும்பம், இரண்டு பெண் பிள்ளைகள். மாதா கோயில் பாட்டுக்குழுவில் சின்ன வயசிலிருந்து பாடுகிறவர். கோயிலில் பாடினால் சரி. இவர் பம்பைக் கழற்றும்போதும் பாடுவார், மாட்டும்போதும் பாடுவார், நான் ஆய்வுக்கூடத்தில் சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே நின்றும் பாடுவார். எண்ணிக்கை தப்பிப்போகும். "யண்ணே, கொஞ்சம் வாயை மூடிக்கினு வேலை பாக்க மாட்டியா?" என்று கத்துவேன். "பாட்டு நின்னா பம்பும் நின்னுடும் தங்கச்சி" என்பார். எங்களுக்குள் பேச்சு எல்லாம் இந்த லட்சணத்தில்தான்.

எங்கோ ஓர் ஊரில் தொட்டிக்குள் இறங்கியவர்கள் அடுத்தடுத்துச் செத்துப்போன செய்தி பேப்பரில் வந்த பிறகு, எங்கள் முதலாளிக்குப் பயம் வந்து ஒரு பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். இரண்டு மத்தியானம், கேன்டீனில். பாடம் நடத்த ஒரு பெண்மணி கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். பருத்திப் புடவை, தோளில் கனமான பை, வியர்த்து வழிகிற முகம். எங்கள் ஆட்கள் உடனே "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு முடிக்க வேண்டிய அறிக்கை இருந்தது. அந்த எரிச்சலோடு போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"இந்த கேஸ் இருக்கா இல்லியான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

ஐந்தாறு பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். "அதுக்குத்தான் இவங்க இருக்காங்களே" என்றான் ஒருவன்.

நானும் சும்மா இருக்கவில்லை. "நான் மீனை மோந்து வளர்ந்தவ டீச்சர். முட்டை ஒரு துளி இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிடும்" என்றேன்.

டீச்சர் கோபப்படவில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து என் பக்கத்தில் வந்து நின்றார். "தலையில மல்லி வெச்சிருக்கீங்களே, எப்ப வெச்சது?"

"காலையில."

"வாசனை வருதா இப்ப உங்களுக்கு?"

வரவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேக்கிங் பெண்ணிடம் "உனக்கு வருதாம்மா?" என்று கேட்டார். "தூக்குது டீச்சர்" என்றாள் அவள், கடன்காரி. கேன்டீன் முழுக்கச் சிரித்தது. ஃபிட்டர் அண்ணன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"பூவு எங்கியும் போகல. இவங்க மூக்குதான் பழகிப்போச்சு" என்றார் டீச்சர். "இந்த கேஸ் அதைவிட மோசம். கொஞ்சமா இருக்கும்போது நாறும். பத்து லட்சம் பங்கு காத்துல நூறு பங்கைத் தாண்டிச்சின்னா மூக்கையே மரத்துப்போக வெச்சிடும். நாத்தம் போச்சுன்னு நீங்க இறங்குவீங்க. நாத்தம் போனது கேஸ் போனதால இல்ல."

எனக்கு முகம் எரிந்தது. நான் வேதியியல் படித்தவள், அவர் சொல்வது புத்தகத்தில் இருக்கிறது, நானே பரீட்சையில் எழுதியிருப்பேன். எழுதியதை எல்லாம் யார் நம்புகிறார்கள்? நான் நம்பியது என் அம்மா சொன்னதை. அன்று சாயங்காலம் ஸ்கூட்டியில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த டீச்சரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போனேன்.

அடுத்த நாள் ஃபிட்டர் அண்ணன் முறை. "டீச்சர், நான் பாட்டுக்காரன். ஒரே மூச்சுல ஒரு வரியை எவ்ளோ நேரம் வேணா இழுப்பேன். மூச்சைப் புடிச்சிகினு இறங்கி, அடைப்பை எடுத்துட்டு ஏறிடுவேன்" என்றார். டீச்சர் அவரை ஒரு காகித மூட்டையைத் தூக்கிக்கொண்டு கேன்டீன் படியில் மூச்சுப் பிடித்தபடி ஏறி இறங்கச் சொன்னார். ஆறாவது படியில் "ஹா" என்று வாயைத் திறந்துவிட்டார். "அந்த ஒரு மூச்சு போதும்ண்ணே, ஆளை வீழ்த்த" என்றார் டீச்சர். இந்தத் தடவை மேஜையைத் தட்டிச் சிரித்தது நான்.

ஆனால் மூன்றாவதாக அவர் சொன்னதற்குத்தான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. உள்ளே போனவன் விழுந்துவிட்டால், மேலே நிற்கிறவன் இறங்கவே கூடாதாம். கயிற்றால் இழுக்க வேண்டும், கத்திக் கூப்பிட வேண்டும், ஆனால் கால் மட்டும் உள்ளே வைக்கக் கூடாதாம்.

நான் எழுந்துவிட்டேன். "எங்க ஊர்ல கடல்ல ஒருத்தன் விழுந்தா அடுத்தவன் யோசிக்காம குதிப்பான் டீச்சர். குதிக்காதவன் மறுநாள் கரையில தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நீங்க சொல்றது மனுஷன் செய்ற வேலையா?"

டீச்சர் நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "கடல்ல குதிக்கிறவனுக்கு நீச்சல் தெரியும்மா. இதுல யாருக்கும் நீச்சல் தெரியாது. ஒருத்தர் விழுந்த எடத்துல மூணு பேரா எடுக்கிறாங்களே, மத்த ரெண்டு பேரும் உங்களை மாதிரி நல்லவங்கதான்" என்றார். உட்கார்ந்துவிட்டேன். சம்மதித்து உட்காரவில்லை.

கடைசியில் பையிலிருந்து, எங்கள் ஆலைக்கென்று முதலாளி வாங்கிவரச் சொல்லியிருந்த ஒரு சின்னக் கருவியையும் அதைச் சோதிக்கிற கேஸ் சிலிண்டரையும் எடுத்தார். உள்ளங்கையில் அடங்குகிற டிடெக்டர், கறுப்பு நிறம். முகப்பில் எண் தெரிகிற ஜன்னல், அதற்கு மேலே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு வெள்ளை வட்டம். கேஸ் பட்டால் காது கிழிகிற மாதிரி கத்தும். "இந்த வெள்ளை வட்டம்தான் இதோட மூக்கு. இதுல தூசி, தண்ணி, எண்ணெய் எதுவும் படக் கூடாது. தெனமும் காலையில இந்த சிலிண்டர்லேர்ந்து துளி கேஸ் காட்டுங்க. கத்துச்சின்னா எடுத்துக்கினு போங்க. கத்தலைன்னா அது வெறும் பிளாஸ்டிக்கு." அப்புறம் சுற்றிலும் பார்த்து, "தொட்டி வாயில நிக்கிறதுக்கு ஒரு ஆளு வேணும். யாருக்கும் பயப்படாம சத்தம் போடுற ஆளா இருக்கணும்" என்றார்.

எல்லாருடைய விரலும் என் பக்கம் நீண்டது. இப்படித்தான் நான் தொட்டி வாயில் நிற்கும் ஆளானேன். இறங்குகிற அனுமதிச் சீட்டில் என் கையெழுத்து இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்று முடிவாயிற்று. வாய் நீளம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து வசவு வாங்கியவளுக்கு அதற்காகவே ஒரு பொறுப்பு கிடைத்தது அதுதான் முதல் தடவை.

டிடெக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் குருவி. தினமும் காலையில் நான் அதைக் கத்தவைப்பேன். அது கத்தும், பேக்கிங் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு என்னைத் திட்டுவார்கள், ஃபிட்டர் அண்ணன் அதன் சுருதிக்கு ஏற்ற மாதிரி ஒரு வரி பாடுவார். எட்டு மாதம் ஒரு நாள் தவறாமல் இது நடந்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆலையில் அதுதான் பெரிய திருநாள். முதல் நாளே எந்திரங்களை எல்லாம் கழுவித் துடைத்து, மாவிலை கட்டி, வாழைக்கன்று வைத்து, பொரி கடலையும் பழமும் வாங்கிவைப்போம். பொட்டு வைக்கிற வேலை எப்போதும் எனக்குத்தான். அன்றும் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெரிய மோட்டாருக்கு, பம்புக்கு, எடை மேடைக்கு, கம்ப்யூட்டருக்கு, ஆய்வுக்கூடத்துத் தராசுக்கு, வெளியே நின்ற என் ஸ்கூட்டிக்கு. குருவியை ஒரு வாழை இலையில் தனியாக வைத்திருந்தார்கள். எட்டு மாதம் எங்களுக்காகக் கத்திய கருவி அல்லவா? அதற்கு ஆசையாக, மற்றதைவிடப் பெரிதாக, நல்ல கனமாகச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தேன். எங்கே வைத்தேன்? கறுப்பு முகத்தில் மேலே வட்டமாக, வெள்ளையாக, நெற்றி போல ஓர் இடம் இருந்ததே, அங்கேதான். அழகாக இருக்கிறது என்று போட்டோ எடுத்து ஆலையின் வாட்ஸாப் குழுவில் போட்டேன். முப்பது பேர் கும்பிடு போட்டார்கள். பயிற்சியில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அந்த முப்பது பேரும்.

ஃபிட்டர் அண்ணன் வழக்கம்போல பூஜை முடிகிற நேரத்துக்கு வந்து, "நம்ம பங்கு எங்க தங்கச்சி?" என்று பொரியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வருஷம் பூஜை வியாழக்கிழமை. வெள்ளி விஜயதசமி, பிறகு சனி, ஞாயிறு. ஆலையை மூடிவிட்டோம். தொட்டியில் தண்ணீரைக் கலக்குகிற எந்திரத்தையும் நிறுத்திவிட்டுப் போனோம். எந்திரங்களைக் கழுவிய அழுக்கு, பழைய கூழ், பசை எல்லாம் அந்தத் தொட்டியில் நான்கு நாள் அசையாமல் கிடந்தது.

திங்கட்கிழமை காலை பம்பைப் போட்டால் உறுமுகிறது, தண்ணீர் இழுக்கவில்லை. அடியில் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. மேலே கூழ் எந்திரத்தை ஓட்ட ஆரம்பித்துவிட்டார்கள், தண்ணீர் வந்து சேர்ந்துகொண்டே இருக்கிறது. சூப்பர்வைசர் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டே ஓடி வந்தார். "அண்ணே, இறங்கி எடுத்துடுங்க. பத்து நிமிஷ வேலை. இல்லன்னா மொத்த லைனையும் நிறுத்தணும்."

ஃபிட்டர் அண்ணன் இடுப்பிலும் தோளிலும் வார் கட்டிக்கொண்டு தயாரானார். நான் அனுமதிச் சீட்டை எடுத்தேன். முதல் வரி: கருவி இன்று சோதிக்கப்பட்டதா? சிலிண்டர் ஸ்டோர் ரூமில் பூட்டிக் கிடந்தது. ஸ்டோர்காரர் லீவை ஒரு நாள் நீட்டிக்கொண்டு சாவியோடு மாமியார் ஊரில் இருந்தார். எட்டு மாதமாகக் கத்துகிற கருவி, புதன்கிழமை கூடக் கத்தியது, ஒரு நாள் சோதிக்காவிட்டால் என்ன ஆகிவிடும்? டிக் அடித்தேன். வேறு யாரும் இல்லை, நான்தான் அடித்தேன்.

மூடியைத் திறந்ததும் முட்டை நாற்றம் குப்பென்று வந்தது. எல்லோரும் காற்று வருகிற பக்கமாக விலகி நின்றோம். கொஞ்ச நேரத்தில் நாற்றம் குறைந்த மாதிரி இருந்தது. "அவ்ளோதான், போயிடுச்சு" என்றார் சூப்பர்வைசர். எனக்கு மல்லிகைப் பூ நினைவுக்கு வந்தது. மூக்கை நம்பாதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு குருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். மேலே, நடுவே, அடியில். கத்தவில்லை. மேலே இழுத்து எண்ணை மட்டும் பார்த்தேன், பூஜ்யம். இன்னொரு தடவை இறக்கினேன். பூஜ்யம். இனி நான் என்ன சொல்வது? கையெழுத்துப் போட்டேன்.

அவர் ஏணியில் இறங்கத் தொடங்கினார். ஒரு படி, இரண்டு படி. "பாட்டு வேணுமா தங்கச்சி, உள்ளேர்ந்து பாடுனா நல்லா எதிரொலிக்கும்" என்றார். மார்பு வரை உள்ளே போய்விட்டார். குருவியை அவர் காலர் பக்கம் மாட்ட வேண்டும், அது விதி. நான் குனிந்து மாட்டினேன். என் முகமும் அவர் முகமும் ஒரு சாண் தூரத்தில். அப்போதுதான் பார்த்தேன். காய்ந்து வெடித்த மஞ்சள் சந்தனம், நடுவில் குங்குமம். வெள்ளை வட்டம் எங்கே என்று தேடினேன். அதன் மேலேதான் பொட்டு இருந்தது.

இந்த வெள்ளை வட்டம்தான் இதோட மூக்கு.

"ஏறு!" என்று கத்தினேன். "ஏறுண்ணே மேல! ஏறு!"

"என்னா ஆச்சு? ஒரு நிமிஷம், மூச்சைப் புடிச்சிகினு..."

"மூச்சும் மண்ணாங்கட்டியும்! ஏறுய்யா!"

அவர் தோள் வாரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். எனக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்தது என்று தெரியாது. முட்டி சிராய்த்து ரத்தம் வர அவர் வெளியே வந்து விழுந்தார். "பைத்தியமாடி உனக்கு!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். இத்தனை வருஷத்தில் ஒரு முறைகூட என்னை 'டி' போட்டுப் பேசாதவர்.

நான் குருவியைக் காட்டினேன். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்துவிட்டு, "பொட்டுதானேம்மா, தொடைச்சிட்டு இறக்கு. தண்ணி ரொம்புது" என்றார்.

நான் மூடியை இழுத்துத் தொட்டி வாயை அடைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். "வேற குருவி வராம ஒருத்தரும் இறங்கக் கூடாது. லைனை நிறுத்துங்க. என்னை வேலையை வுட்டுத் தூக்கணும்னா தூக்கிக்கோங்க, அதுவரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்" என்றேன். அழுகையும் கூடவே வந்துவிட்டது. கையிலிருந்த அனுமதிச் சீட்டைக் கிழித்துப்போட்டேன்.

லைனை நிறுத்தினார்கள். பக்கத்து ஆலையிலிருந்து ஒரு பையோடு அவர்கள் ஆள் வந்தார். முதலில் தன் கருவிக்குத் தன் சிலிண்டரிலிருந்து கேஸ் காட்டினார். கத்தியது. அதே கேஸை எங்கள் குருவிக்கும் காட்டச் சொன்னேன். ஈரத்துணியால் துடைத்த பிறகும் சந்தனம் அந்த வட்டத்தின் நுண்ணிய துளைகளுக்குள் போய் அடைத்திருந்தது. பூஜ்யம். எட்டு மாதம் காலைதோறும் எனக்குத் திட்டு வாங்கித்தந்த குருவி சும்மா இருந்தது.

பிறகு அவருடைய கருவியைத் தொட்டிக்குள் இறக்கினார். கயிறு பாதிகூடப் போகவில்லை, அலறியது. மேலே இழுத்தோம். எண் நூறைத் தாண்டி, அந்தக் கருவியால் அளக்க முடிகிற எல்லையையும் தாண்டி, எண்ணே காட்டாமல் வெறும் கோடு காட்டியது. ஃபிட்டர் அண்ணன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் கிடந்த குழாயின் மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நான் டம்ளரை அவர் வாயருகே பிடித்துக்கொண்டேன். அன்று முழுக்க அவர் பாடவில்லை.

அன்று யாரும் இறங்கவில்லை, மறுநாளும் இறங்கவில்லை. பெரிய காற்றாடியை வைத்து ஒரு நாள் முழுக்கக் காற்று அடித்தார்கள். பிறகு சங்கிலி போட்டுப் பம்பையே மேலே தூக்கி, சுற்றிக்கொண்டிருந்த சாக்குத் துணியை எடுத்தார்கள். ஒரு மனிதன்கூட உள்ளே போகாமல் வேலை முடிந்தது. முதலிலேயே இப்படிச் செய்திருக்கலாம், யாருக்கும் தோன்றவில்லை. சூப்பர்வைசர் சாயங்காலம் ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றார். "நான் டிக் அடிச்சிருக்கக் கூடாது சார்" என்றேன்.

வீட்டுக்குப் போய் யோசித்தேன். அவர் இறங்கி விழுந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கயிற்றை இழுத்திருப்பேனா? டீச்சர் சொன்னபடி நின்றிருப்பேனா? உண்மையைச் சொல்கிறேன், குதித்திருப்பேன். பொட்டு வைத்தது நான், டிக் அடித்தது நான், கையெழுத்துப் போட்டது நான். இத்தனைக்கும் மேல் பிள்ளைச்சாவடியில் பிறந்தவள். என் பின்னால் இன்னொருவர் இறங்கியிருப்பார். டீச்சர் சொன்ன மூன்று பேர் கணக்கு சரியாக வந்திருக்கும்.

அந்த டீச்சரின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேச எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. வெட்கம். போனில் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், சந்தனம், டிக், கையெழுத்து, ஒன்றையும் மறைக்கவில்லை. முடித்ததும், "கத்துனீங்களா?" என்று கேட்டார்.

"கத்துனேன் டீச்சர்."

"ஏறி வந்துட்டாரா?"

"வந்துட்டாரு."

"சாமி" என்றார். அவர் மூச்சு விடுவது கேட்டது. அப்புறம், "இத்தினி வருஷமா பாடம் எடுக்கிறேன்மா. தூசி, தண்ணி, எண்ணெய்னு சொல்றேன். சந்தனம்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க. நம்ம ஊர்ல மொதல்ல அதைத்தானே சொல்லியிருக்கணும்? இனிமே எல்லா எடத்துலயும் சொல்லட்டுமா?"

"என் பேரையும் சேர்த்துச் சொல்லுங்க டீச்சர். எனக்கு வேணும் அது."

"பேரு எதுக்கு? பொட்டு போதும்" என்றார்.

அவருக்கு நான் நன்றி என்ற வார்த்தையைச் சொன்னேனா என்று எனக்கு நினைவில்லை. அழுதேன் என்பது நினைவிருக்கிறது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவரிடம் வம்புக்கு நின்றவள் நான். அந்த அம்மாள் வியர்க்க விறுவிறுக்கப் பஸ்ஸில் வந்து, என் தலையில் இருந்த பூவை வைத்து எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போகாமல் இருந்திருந்தால், அந்தப் பொட்டை நான் பார்த்திருந்தாலும் அது எனக்கு வெறும் பொட்டாகத்தான் தெரிந்திருக்கும். நான் சாமி கும்பிடும்போது இப்போது அவரையும் நினைத்துக்கொள்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு ஃபிட்டர் அண்ணனின் மனைவி இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். முந்திரியும் திராட்சையும் போட்டு அவர்கள் வீட்டிலேயே சுட்ட கேக். சின்னப் பெண் என் அம்மாவிடம் மீன் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, விடவே இல்லை. "வேண்டாங்க அண்ணி, தப்பு பண்ணதும் நான்தான்" என்றேன். "தெரியும், அவரு சொன்னாரு" என்றார். அப்போதும் கையை விடவில்லை.

இந்த வருஷ ஆயுத பூஜை போன மாதம் நடந்தது. புதுக் குருவிகள் இரண்டு வந்திருக்கின்றன. பழையதையும் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை, ஆய்வுக்கூடத்து ஆணியில் அதே பொட்டுக் கறையோடு தொங்குகிறது. பூஜைக்கு மூன்றையும் வாழை இலையில் வைத்திருந்தார்கள். எல்லா எந்திரத்துக்கும் பொட்டு வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு நான் அங்கே வந்தேன். எப்போதும் பொரிக்கு மட்டும் வருகிற ஃபிட்டர் அண்ணன் எனக்கு முன்பாகவே அங்கே இருந்தார். குனிந்து, புதுக் குருவிகள் இரண்டின் வெள்ளை வட்டத்தையும் இரண்டு கட்டைவிரலால் மூடிக்கொண்டு நின்றார்.

"ம், இப்ப வை" என்றார்.

குருவிகளின் கழுத்து நாடாவில் ஆளுக்கொரு சின்னப் பொட்டு வைத்தேன். வைத்த பிறகும் அவர் விரலை எடுக்கவில்லை. சூடம் காட்டினார்கள், மணி அடித்தார்கள். அந்தப் புகை அடங்கும்வரை அப்படியே குனிந்து நின்றார். நின்றபடி வாய்க்குள்ளே மாதா கோயில் பாட்டு ஒன்றைப் பாட ஆரம்பித்தார், எங்கள் பூஜைக்கு நடுவிலே. இரண்டு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், இப்போது இவள் கத்துவாள் என்று. நான் கத்தவில்லை. வரிக்கு வரி நடுவில் அவர் நிறுத்தி மூச்சு இழுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. பாட்டு முடிகிறவரைக்கும் நான் அந்த மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.